ரிசர்வ்டு பிட்: படித்ததையே திருப்பி எழுதுவதா, மேனுவல் மதிப்பை எழுதுவதா?

வெற்றுபிட்:
மைக்ரோகண்ட்ரோலர் மேனுவலில் பாதி ரிஜிஸ்டர்களுக்கு (சிப்பின் பாகங்களை அமைக்கும் பிட் தொகுதிகள்) ‘ரிசர்வ்டு, ரீசெட் மதிப்பிலேயே வைத்திருக்கவும்’ என்று ஒரு வரி இருக்கிறது; அதாவது அந்த பிட்கள் நமக்கானவை அல்ல, சிப் தொடங்கும்போது இருந்த மதிப்பை மாற்றாதே என்று. இதற்கு இரண்டு வழி சொல்கிறார்கள். ரிஜிஸ்டரைப் படித்து, வேண்டிய பிட்டை மட்டும் மாற்றித் திருப்பி எழுதுவது ஒன்று. 32 பிட்டையும் ஒரே மாறிலியாக எழுதிவிடுவது இன்னொன்று. எது சரி?

கடிகாரமரம்:
முதல் வழிதான். ரிசர்வ்டு என்றால் பூஜ்யம் என்று நினைத்து மாறிலி எழுதுபவர்கள் எஸ்டிஎம்32 எஃப்407 மைக்ரோகண்ட்ரோலரில், கடிகார வேகத்தைப் பெருக்கும் பிஎல்எல் சுற்றை அமைக்கும் பிஎல்எல்சிஎஃப்ஜிஆர் ரிஜிஸ்டரைப் பார்க்கட்டும். ரீசெட் மதிப்பு ஹெக்ஸில் 24003010. 31 முதல் 28 வரை ரிசர்வ்டு. ஆனால் முதல் இலக்கம் 2, அதாவது 29-ஆம் பிட் 1. ஏன் 1 என்று அந்த மேனுவலில் தேடினால் கிடைக்காது. அதே குடும்பத்து எஃப்446 சிப்பின் மேனுவலைத் திறந்தால் விடை இருக்கிறது: 30 முதல் 28 வரை அங்கே பிஎல்எல்ஆர் என்ற வகு எண், ரீசெட்டில் 2. அதற்கு 0, 1 இரண்டும் தவறான அமைப்பு என்று அச்சிட்டே இருக்கிறார்கள். மேல் பிட்களைப் பூஜ்யமாக்கும் நிரலை எஃப்407-இலிருந்து அப்படியே அங்கே கொண்டுபோனால் பிஎல்எல்ஆர் 0 ஆகிவிடும்.

நேரெழுத்து:
இது என் கட்சிக்கல்லவா சாட்சி சொல்கிறது! மேனுவல் கேட்பது ரீசெட் மதிப்பை. இப்போது ரிஜிஸ்டரில் கிடக்கும் மதிப்பை அல்ல. பூட்லோடர் (சிப் தொடங்கியதும் முதலில் ஓடும் சிறு நிரல்) ஓடி முடிந்த பிறகு உங்கள் நிரல் தொடங்கினால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? 24003010 கையில் இருக்கிறது. அதில் எனக்கு வேண்டிய எண்களைப் பொருத்தி எழுதினால் 29-ஆம் பிட்டும் கூடவே வந்துவிடும்.

மேலும், படித்து எழுதுகிறேன் என்பவர்கள் பாதிப்பேர் வெறும் |= போடுகிறார்கள்; அது பிட்டை 1 ஆக்கும், 0 ஆக்காது. அதே ரிஜிஸ்டரில் எம் (வகு எண்) 16, என் (பெருக்கு எண்) 192 என்று ரீசெட்டிலேயே இருக்கின்றன. 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்காக எம் 8, என் 168 என்று |= போட்டால் கிடைப்பது எம் 24, என் 232. விசிஓ (பிஎல்எல்-க்குள் இருக்கும் ஆசிலேட்டர்) உள்ளீடு 1 முதல் 2 மெகாஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 0.33 வந்து நிற்கும். பிஎல்எல் லாக் ஆகவில்லை என்று பிறகு கிரிஸ்டலைக் கழற்றுவார்கள்.

கடிகாரமரம்:
அது மாஸ்க் போடாததன் குற்றம். முதலில் அந்தப் புலத்தை &= ~ கொண்டு துடைத்து, பிறகு | செய்து, ஒரே முறை எழுத வேண்டும். நடுவில் துடைத்த மதிப்பை ரிஜிஸ்டருக்கு அனுப்பக் கூடாது, தற்காலிக மாறியிலேயே முடிக்க வேண்டும்.

ஒன்றெழுதி:
இருவருமே பக்கத்து பிட் என்ன வகை என்று பார்க்காமல் பேசுகிறீர்கள். எஸ்டிஎம்32 டைமரின் எஸ்ஆர் (ஸ்டேட்டஸ்) ரிஜிஸ்டரில் 0 எழுதினால் ஃப்ளாக் (நிகழ்வைக் காட்டும் பிட்) அழியும், 1 எழுதினால் ஒன்றும் ஆகாது. அங்கே யூஐஎஃப் என்ற ஒரு ஃப்ளாக்கை அழிக்க எஸ்ஆர் &= ~யூஐஎஃப் என்று எழுதினால், படித்ததற்கும் எழுதியதற்கும் இடையில் எழுந்த கேப்சர் ஃப்ளாக் சத்தமில்லாமல் போய்விடும். சரியான வரி எஸ்ஆர் = ~யூஐஎஃப். கவனியுங்கள், இது ரிசர்வ்டு பிட்கள் எல்லாவற்றிலும் 1 எழுதுகிறது. எஸ்டி நிறுவனத்தின் ஹெச்ஏஎல் நூலகத்தின் மேக்ரோவே இப்படித்தான் செய்கிறது. ‘ரீசெட் மதிப்பிலேயே வைக்கவும்’ என்று எழுதிய அதே வீடு!

எதிர்ப்பக்கம் அட்மெகா328பி மைக்ரோகண்ட்ரோலர். அதன் ஏடிசி-யை (அனலாக்-டிஜிட்டல் மாற்றி) கட்டுப்படுத்தும் ஏடிசிஎஸ்ஆர்ஏ ரிஜிஸ்டரில், மாற்றம் முடிந்ததைச் சொல்லும் ஏடிஐஎஃப் ஃப்ளாக் 1 எழுதினால் அழியும். ஆகவே அந்த ரிஜிஸ்டரில் எந்த பிட்டுக்கு |= போட்டாலும் காத்திருக்கும் இன்டரப்ட் போய்விடலாம் என்று டேட்டாஷீட்டே எச்சரிக்கிறது.

கணினியில் கார்டுகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ்காரர்கள் இதை ஒழுங்காகப் பிரித்திருக்கிறார்கள். ரிசர்வ்டு-பி என்றால் நாளை சாதாரணப் படி-எழுது பிட் ஆகலாம், படித்ததைக் காப்பாற்று. ரிசர்வ்டு-இசட் என்றால் நாளை 1 எழுதினால் அழியும் பிட் ஆகலாம், எப்போதும் 0 எழுது. ஒவ்வொரு சாதனத்தின் அமைப்புப் பகுதியிலும் முகவரி 04-இல் கமாண்ட், 06-இல் ஸ்டேட்டஸ். 04-ஐ 32 பிட்டாகப் படித்துத் திருப்பி எழுதினால் ஸ்டேட்டஸில் இருந்த பிழைப் பதிவுகள் அழிந்துவிடும். 16 பிட்டாகவே எழுத வேண்டும்.

நேரெழுத்து:
ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டருக்கு ஒப்புக்கொள்கிறேன். கண்ட்ரோல் ரிஜிஸ்டரில் என் வாதம் நிற்கிறது. ஆர்ம் வி8 செயலியின் கட்டுப்பாட்டு ரிஜிஸ்டரான எஸ்சிடிஎல்ஆர்_இஎல்1-இல் (இஎல்1 என்பது கர்னல் ஓடும் அதிகார நிலை) 23-ஆம் பிட் முதலில் ரெஸ்1, அதாவது 1 எழுத வேண்டிய ரிசர்வ்டு. வி8.1-இல் அது ஸ்பேன் ஆனது: 1 என்றால் பழைய நடத்தை, 0 என்றால் இஎல்1-க்கு எக்ஸெப்ஷன் வரும்போதெல்லாம் பேன் (கர்னலைப் பயனர் நினைவகத்தைத் தொடவிடாத காவல்) தானாக இயங்கும். அன்றைக்கு 0 எழுதிய கர்னல், புதிய சிப்பில் பயனர் நினைவகத்தைத் தொட்டதும் பர்மிஷன் ஃபால்ட் வாங்கும். படித்துக் காப்பாற்றலாம் என்றால், அதற்கு மேல் நிலையான இஎல்2-இல் பூட் ஆகும்போது அந்த ரிஜிஸ்டரில் என்ன இருக்கும் என்றே ஆர்கிடெக்சர் உறுதி சொல்வதில்லை. குப்பையைக் காப்பாற்றி என்ன பயன்? லினக்ஸ் ரெஸ்1 பிட்களைச் சேர்த்து முழு மாறிலியாக எழுதுவது அதனால்தான்.

வெற்றுபிட்:
படிக்கும் பக்கம்? ஃப்யூஸ் (மின்சாரம் போனாலும் நிலைக்கும் அமைப்பு பிட்கள்) எழுதினால் வெரிஃபை பிழை வருவதும் இதே கதையா?

ஒன்றெழுதி:
ஆமாம். 328பி-இன் எக்ஸ்டெண்டட் ஃப்யூஸில் கீழ் 3 பிட்தான் உண்டு. பைனரியில் 00000101 எழுதினால் 11111101 என்று திரும்பி வரும்; முழு பைட்டையும் ஒப்பிடும் மென்பொருள் பிழை என்கிறது. பயன்படாத ஃப்யூஸ் பிட்டில் 1 எழுதுங்கள், ஒப்பிடும் முன் 00000111 கொண்டு மாஸ்க் செய்யுங்கள். பிக் மைக்ரோகண்ட்ரோலர்களில் ‘இம்ப்ளிமெண்ட் செய்யப்படவில்லை, 0 எனப் படிக்கும்’ என்பதும் ‘ரிசர்வ்டு, 0-ஆக வைக்கவும்’ என்பதும் வேறு வேறு. முதலாவதில் நீங்கள் எழுதுவதை வாங்கிக்கொள்ள ஆளே இல்லை. இரண்டாவதில் ஏதோ ஒன்று இருக்கலாம். எக்ஸ்86 செயலியில் சிஆர்4 கட்டுப்பாட்டு ரிஜிஸ்டரின் ரிசர்வ்டு பிட்டில் 1 வைத்தால் ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபால்ட் என்று செயலியே பிழை காட்டிவிடும். மைக்ரோகண்ட்ரோலர்கள் அந்த உதவியைச் செய்வதில்லை.

கடிகாரமரம்:
பூட்லோடர் வாதத்துக்கு ஒரு பதில் உண்டு. டைமர், யூஆர்ட் (தொடர் தகவல் போக்குவரத்து) போன்றவற்றுக்கு ஆர்சிசி-இல் (ரீசெட், கடிகாரக் கட்டுப்பாட்டுப் பகுதி) தனி ரீசெட் பிட் இருக்கிறது. ஏபிபி1ஆர்எஸ்டிஆர்-இல் டிம்2ஆர்எஸ்டி-ஐ 1 ஆக்கி உடனே 0 ஆக்கினால் டைமர் 2 முழுவதும் ரீசெட் மதிப்புக்குத் திரும்பும். அதன்பின் படித்து எழுதுவதில் குப்பை எங்கிருந்து வரும்?

நேரெழுத்து:
ஆர்சிசி-க்கே அந்த பிட் கிடையாதே. பிஎல்எல் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் சிஸ்டம் கடிகாரத்தை ஹெச்எஸ்ஐ-க்கு (சிப்பின் உள் ஆசிலேட்டர்) மாற்றி, பிஎல்எல்-ஐ அணைத்து, அது தயார் என்று சொல்லும் பிஎல்எல்ஆர்டிஒய் பிட் 0 ஆகும் வரை காத்திருந்து, பிறகுதான் பிஎல்எல்சிஎஃப்ஜிஆர்-ஐத் தொடலாம். அங்கே 24003010-ஐ அடியாகக் கொண்ட மாறிலிதான் எழுதுவேன்.

கடிகாரமரம்:
அந்த ஒரு ரிஜிஸ்டரை விட்டுத்தருகிறேன். மாறிலிக்கு மேலே எந்த மேனுவலின் ரீசெட் மதிப்பு என்று கமெண்ட் மட்டும் போட்டுவிடுங்கள், எஃப்446-க்கு மாற்றுபவர் தேடுவார்.