அர்ச்சுனன் தபசு முன்னால் பிள்ளைகளிடம் முதலில் என்ன சொல்வது?

கரிக்கோல் (ஓவிய ஆசிரியர்):
மாமல்லபுரத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் பெரும்பாலும் நடப்பது இதுதான். "அர்ச்சுனன் தபசு, பல்லவர் காலம், 7ஆம் நூற்றாண்டு" என்று சொல்வோம். நோட்டில் எழுதிக்கொண்டு கடற்கரைக்கு ஓடிவிடுவார்கள். சிற்பங்கள் நிறைந்த அந்தப் பெரிய பாறையைப் பார்ப்பதே இல்லை. பெயரைச் சொல்லாமல் கொஞ்ச நேரம் நிற்க வைத்து, "யார் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு பக்கத்துத் தேவர்களும் கணங்களும் நடுவில் இருக்கும் பிளவை நோக்கியே வருகிறார்கள். அதைத் தானே கண்டுபிடிக்கிற பிள்ளைக்குச் சிற்பி நேரடியாகப் பேசிவிட்டான்.

வரலாற்று டீச்சர்:
சார், எனக்கு இதில் உடன்பாடில்லை. பேச்சு என்றால் இருவருக்கும் பொதுவான மொழி வேண்டும். நான்கு கையோடு நிற்பவர் சிவன், கீழே நீட்டிய கை வரம் தரும் கை என்பது தெரியாத பிள்ளைக்கு ஒற்றைக் காலில் நிற்கும் எலும்புக்கூடு மாதிரியான தவசி என்ன சொல்வார்? யானைக் காலடியில் கைகளைத் தூக்கி நிற்கும் பூனையையே எடுங்கள். கங்கைக் கரையில் தவசி வேஷம் போட்டு எலிகளைத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தில், உத்தியோக பருவத்தில் வருகிறது. அது தெரியாவிட்டால் அங்கே ஒரு பூனை இருக்கிறது, அவ்வளவுதான். முதலில் கதை, பிறகு பாறை.

கரிக்கோல்:
கதை தெரியாத பிள்ளைகூடப் பூனை நிற்கும் விதத்தையும் மேலே தவசி நிற்கும் விதத்தையும் ஒப்பிடும் டீச்சர். கைகள் ஒரே மாதிரி. காலடியில் எலிகள். "இந்தப் பூனை யாரைப் பார்த்து நடிக்குது?" என்று கேட்டால் பிள்ளைகள் வாய் ஓயாது. அப்புறம் நீங்கள் கதையைச் சொல்லுங்கள், காது கொடுத்துக் கேட்பார்கள்.

வரலாற்று டீச்சர்:
சரி, ஆனால் பரீட்சையில் ஒரு விடைதான் எழுதணும். பாறைக்கு இரண்டு பெயர் உண்டே. பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த காட்சி என்று 1914இல் விக்டர் கோலூபியூ என்ற ஆய்வாளர் வாதிட்டார். அதன்படி நடுப் பிளவுதான் கங்கை. அதில் நாகர்கள் நீந்துகிறார்கள், மேலே நீர் தேக்கும் தொட்டிக்கான அடையாளமும் உண்டு. அர்ச்சுனன் தபசு என்பவர்களிடமும் வலுவான வாதம் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை எதை நம்பணும்?

கரிக்கோல்:
இரண்டையும் முன்னால் வைத்து, "எதற்கு எந்த ஆதாரம் பாறையில் தெரியுது?" என்று கேட்கலாம். மதிப்பெண் அந்தப் பதிலுக்குக் கொடுங்கள். ஒற்றை விடை வைத்த கேள்விதான் பாடத்தைக் கெடுக்கிறது.

உளிச்சத்தம் (சிற்பி):
ரெண்டு பேரும் பார்ப்பதைப் பற்றியே பேசுறீங்க. நான் மாமல்லபுரத்தில் கல் கொத்துறவன். அதே ஊரில் இதே காட்சி முடியாமல் விட்ட இன்னொரு பாறையும் இருக்கு. பிள்ளைகளை முதல்ல அங்கே கூட்டிப்போங்க. சில உருவம் பாதியில் நிற்குது, சில இடத்தில் கல் அப்படியே இருக்கு. சிற்பி எதை முதலில் வெளியே எடுத்தான், எதைப் பிறகு வைத்துக்கொண்டான்னு அங்கே தெரியும். பிறகு ஒரு சோப்புக் கட்டியும் சின்னக் கத்தியும் கொடுத்து ஒரு மானைச் செதுக்கச் சொல்லுங்க. பெரிய பாறையில் பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான் ஒன்று இருக்கு. எத்தனையோ தேவர் கூடி நிற்கிற இடத்தில் சிற்பி ஏன் அதைச் செய்தான்னு, கையில் கத்தி பிடித்த பிள்ளை கட்டாயம் கேட்கும்.

வரலாற்று டீச்சர்:
அந்த மானைப் பார்த்திருக்கிறேன் ஐயா, அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. முடியாத பாறைக்கு முதலில் போவதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான்கு கையும் வரம் தரும் கையும் யாருடையவை என்பதைப் பேருந்திலேயே சொல்லிவிடுவேன்.

கரிக்கோல்:
அப்படிச் சொன்னால் இறங்கியதும் அந்தக் கையைத்தான் தேடுவார்கள் டீச்சர். பூனையைப் பார்க்க மாட்டார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் சொல்லுங்கள்.