ஹெர்மன் ஊரின் பழைய வீடுகள்: விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

வணக்கம். அமெரிக்காவில் மிசோரி ஆற்றங்கரையிலுள்ள கேஸ்கனேட் கவுண்டியின் பழைய வீடுகளையும் பண்ணைகளையும் பற்றிக் கட்டுரை எழுதிவருகிறேன். பிலடெல்பியாவின் ஜெர்மானியக் குடியேற்றச் சங்கம் 1837-இல் அங்கே ஹெர்மன் என்னும் ஊரை நிறுவியது; 1840-இல் கட்டிய பொம்மர்-கென்ட்னர் வீடு இன்றும் நிற்கிறது.

என்னை மிகவும் ஈர்ப்பவை மரச்சட்ட வீடுகள். கனத்த உத்திரங்களைத் துளையும் கழுந்துமாகப் பொருத்தி, மர ஆணி அறைந்து, சட்டங்களுக்கு இடையே செங்கல்லையோ வைக்கோல் கலந்த களிமண்ணையோ அடைத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பல வீடுகளில் பின்னாளில் பலகை போர்த்திவிட்டதால் இந்த அருமையான வேலைப்பாடு வெளியே தெரிவதில்லை.

அங்கே சென்றவர்கள், சுவரின் உட்புறமோ கூரையின் அடிப்பக்கமோ தெரியும் படங்கள் இருந்தால் அன்புகூர்ந்து பகிருங்கள். மூலைகளில் சாய்வாகக் கொடுக்கும் தாங்குகட்டைக்கு நம் தச்சர்கள் வழங்கும் பெயரையும் யாரேனும் சொன்னால் நன்றியுடையவனாவேன்.