ஸ்டட்டுக்குத் தமிழ்: ஆணியா, குமிழா, முளையா?

வணக்கம்.

மூன்று நாளாக ஓடும் இந்த வாதத்தில் நானும் ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போகிறேன். உதைபந்தாட்டச் சப்பாத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டுக்கு இதுவரை வந்தவை ஆணி, குமிழ், லாடம், பற்றி. நான் ‘முளை’ என்கிறேன். மாடு கட்ட நிலத்தில் அடிக்கிறோமே, அந்த முளை.

ஆணி என்ற சொல்லை ஓட்டவீரரின் ஸ்பைக்ஸுக்கு விட்டுவைப்போம். அது கூரானது, செயற்கை ஓடுபாதையில் 9 மில்லிமீற்றருக்கு மேல் விடமாட்டார்கள். ஸ்டட் மொட்டை முனை உடையது. றக்பியில் அது 21 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், பாடசாலைக்குச் சப்பாத்து வாங்கப் பட்டியல் எழுதும் ஆசிரியர்தான் மாட்டுப்படுவார்.

குமிழ் அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் பாதக்குறட்டில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நிற்கிறதே, அதற்குப் பெயரே குமிழ்தான். மேலே இருப்பதைக் கீழே இறக்குவானேன்? லாடம் குளம்பு தேயாமல் இருக்க அடிப்பது. பிடிப்பு அதற்கு இரண்டாம் வேலை. ‘பற்றி’ என்று வைத்தால் நாளைக்கு யாராவது ‘பற்றி பற்றி’ ஒரு கட்டுரை எழுத வேண்டிவரும்.

பகிடி இருக்கட்டும். ‘பற்றி’யோடு எனக்கு வேறொரு பிணக்கும் உண்டு. அது பாதி வேலையைத்தான் சொல்கிறது. ஓடும்போதும் நிற்கும்போதும் ஸ்டட் மண்ணைப் பிடிக்க வேண்டும், சரி. வீரர் சட்டென்று திரும்பும்போது விடவும் வேண்டும். விடாவிட்டால் பாதம் நிலத்தோடு நிற்க, உடம்பு மட்டும் சுழலும். அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். 1996இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, அந்நாட்டுப் பாணி உதைபந்தாட்டம் ஆடும் பாடசாலை மாணவர்களை 3 ஆண்டுகள் கவனித்தது. அடியின் விளிம்பைச் சுற்றி நீண்ட ஸ்டட்டும் நடுவில் சிறியவையும் வைத்த சப்பாத்து அணிந்தவர்களுக்கு முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் கிழிவது கூடுதலாக இருந்ததாம். முளைக்கு இந்த இரண்டு குணமும் உண்டு. மாட்டை நிறுத்தும், ஆட்டி இழுத்தால் கையோடு வரும். வராத முளையை யாரும் முளை என்பதில்லை, தூண் என்பார்கள்.

போன கிழமை பஸ் நிலையத்தடியில் சப்பாத்துத் தைக்கும் ஐயா ஒருவரிடம் ஒரு பழைய சோடியைக் கொண்டுபோனேன். முன்னுக்கு எட்டு, குதியில் நாலு. குதியில் ஒன்று பாதி தேய்ந்து சரிந்திருந்தது. இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். விரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “கட்டையையோ கேக்கிறீர், தம்பி? இது மாத்தேலாது, ஒண்டா வாத்தது” என்றார். கட்டை! அதையே எடுத்திருப்பேன். ஆனால் குட்டையானவரும் கட்டை, கரகரத்த குரலும் கட்டை, விறகும் கட்டை. ஆனாலும் அவருடைய சொல்லும் என்னுடையதும் ஒரே மாட்டுக்கொட்டிலில் இருந்துதான் வருகின்றன என்பதில் எனக்கு ஒரு சந்தோசம்.

சொல் நல்லதா என்று பார்க்க அதை வேலைக்கு விட்டுப் பார்க்க வேண்டும். கோடையில் எங்கள் செம்மண் மைதானங்கள் இறுகிக் கிடக்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக்காலில் நிற்கிறார், சப்பாத்தில் ஆறு முளை, ஒவ்வொன்றின் முனையும் 12 மில்லிமீற்றர் விட்டம் என்று வைப்போம். ஆறும் சேர்ந்து நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 7 சதுர சென்ரிமீற்றர். அதாவது ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 10 கிலோ. இளகிய மண்ணென்றால் முளை இறங்கிவிடும். இறுகிய மண்ணில் இறங்காது; அழுத்தம் அப்படியே திரும்பி உள்ளங்காலைக் குத்தும். பன்னிரண்டு முளையாக்கினால் அழுத்தம் பாதி. அதனால்தான் கோடைக்குக் குட்டையாக, நிறைய முளை. மாரியில் தலைகீழ்: முளை குறைவு, நீளம் கூட, இடைவெளி அகலம். இடைவெளி குறுகினால் சேறு அடைத்துக்கொள்ளும், பிறகு முளை இருந்தும் பயனில்லை, வழுக்கும்.

இந்தப் பந்தியில் ‘முளை’ எங்கும் இடறவில்லை என்று நினைக்கிறேன். கூட்டுச்சொல்லும் தானாக வருகிறது. அடியோடு சேர்த்து வார்த்தது வார்ப்புமுளை, திருகிக் கழற்றுவது திருகுமுளை, கத்திபோல் தட்டையானது தகட்டுமுளை, அவை பொருந்தும் பலகை முளைத்தட்டு. 1954இல் பேர்ண் நகரில் மழைக்குள் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மேற்கு ஜெர்மனி ஹங்கேரியை 3–2 என்று வென்றபோது பெயர் வாங்கியது திருகுமுளைதான். செய்தவர் அடிடாஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அடி டாஸ்லர். சப்பாத்தின் அடியை மாற்றியவருக்குப் பெயரிலேயே ‘அடி’.

‘முளை’ என்றால் பயறுதான் நினைவுக்கு வருகிறது என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். நியாயம்தான். முதல் இடத்தில் ‘அடிமுளை’ என்று எழுதிவிட்டு, பிறகு ‘முளை’ என்று சுருக்கலாம். நெட்டெழுத்தாகத் தட்டி ‘மூளைச் சப்பாத்து’ ஆகிவிடும் ஆபத்தும் உண்டு. அதற்கு மெய்ப்புப் பார்ப்பவர்தான் காவல். சப்பாத்துக்கே மாற்றுச்சொல் வேண்டும் என்ற அண்ணாவுக்கு மட்டும் தலையாட்ட மாட்டேன். போர்த்துக்கேயரிடம் வாங்கி இத்தனை தலைமுறை போட்டு நடந்துவிட்டோம், இனிக் கழற்ற முடியாது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் பாடக்குறிப்பில் ‘அடிமுளை’ என்றே போடுகிறேன். திருகுமுளையைக் கழற்றும் அந்தச் சின்னச் சாவிக்குத்தான் இன்னும் ஒன்றும் அகப்படவில்லை. ‘முளைச்சாவி’ என்று எழுதிப் பார்த்தேன், வீட்டில் மகள் சிரிக்கிறாள். யாரிடமாவது வேறு சொல் இருக்கிறதா?