மணி பிளான்ட்டைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். அம்மா வீட்டிலிருந்து ஒரு கிளையாகக் கொண்டுவந்து வைத்த மணி பிளான்ட், ஆறு வருடமாக எங்கள் ஹாலில் படர்ந்திருக்கிறது. மூன்று வாரமாக அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுகின்றன. வாடுகிறதே என்று தண்ணீரை இன்னும் கூட்டினேன். அதுதான் தப்பு என்று இப்போது புரிகிறது.

நேற்று தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மண் சேறு மாதிரி இருந்தது, ஒரு புளித்த வாடை வேறு. வேரைப் பிடித்தால் தோல் உருவிக்கொண்டு கையோடு வருகிறது, உள்ளே நூல் போல நார் மட்டும் நிற்கிறது. பீங்கான் தொட்டியின் அடியில் துளையே இல்லை. வேரழுகல்தான்.

அழுகியதையெல்லாம் வெட்டிவிட்டேன். தேறியது நாலைந்து வெள்ளை வேர்கள். இரண்டு கொடிகள் மட்டும் இன்னும் பச்சையாக, கணுவில் பழுப்பு முண்டு வேர்களோடு இருக்கின்றன.

அந்தக் கொடிகளைக் கணுவுக்குக் கீழே நறுக்கித் தண்ணீரில் போடப் போகிறேன், சரிதானே? அப்புறம் அடிச்செடி. செம்மண், மணல், கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலந்து துளையுள்ள மண்தொட்டிக்கு மாற்றினால் பிழைக்குமா? முதல் தண்ணீர் எப்போது விடுவது? அம்மா இப்போது இல்லை, அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. இப்படி மீட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.