ஒரே லீமா மொடல், ஒரே பிரிட்டிஷ் ரயில் பெட்டி, நீளம் மட்டும் வேறு: இதை எப்படி ருமேனியா பெட்டியாக்குவது?

கடற்கரைப்பாதை எழுதியது:

வணக்கம். நான் கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். பல்கனிக் கதவைத் திறந்தால் மரைன் டிரைவ், அதற்கப்பால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். காலைத் தேத்தண்ணியைக் கோட்டைக்குப் போகும் ஒஃபீஸ் ரயில்களோடுதான் குடிக்கிறேன், கால் நூற்றாண்டாக. தொழில் கணக்கெழுதுவது. கையால் எதையும் செய்து பழக்கமில்லை. போன வருடம்தான் இந்த மொடல் ரயில் பைத்தியம் பிடித்தது.

பெரிய லேஅவுட் ஆசை எல்லாம் இல்லை. புத்தக அலமாரித் தட்டில் நாலடித் தண்டவாளம், அதில் ஒரு எம்2 ரகக் கனடா டீசல் எஞ்சின், பின்னால் செங்கபில நிறத்தில் மூன்று ருமேனியா பெட்டி (ருமேனியாவில் செய்து நம் ரயில்வேக்கு வந்தவை). அவ்வளவுதான். எந்த எம்2 என்று கேட்டால் 591ஆம் இலக்கம், மனிற்றோபா என்று பெயர். 2004 டிசம்பர் 26 அன்று காலை அது இந்த வழியாகத்தான் மாத்தறைப் பக்கம் போனது. அதற்கு மேல் இங்கே எழுதத் தேவையில்லை.

கையில் இருப்பது: லண்டன் மைத்துனர் யாரோ வீட்டுப் பழைய சாமானோடு வாங்கி அனுப்பிய மூன்று லீமா மார்க் 1 பெட்டிகள் (லீமா இத்தாலிய மொடல் ரயில் கம்பனி, மார்க் 1 பழைய பிரிட்டிஷ் ரயில்வே பயணிகள் பெட்டி). அப்புறம் நான் காசு கொடுத்து வாங்கிய அமெரிக்க ஜிபி9 எஞ்சின் மொடல் ஒன்று, எச்ஓ அளவு (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு). கனடா எஞ்சினும் ஜெனரல் மோட்டர்ஸ் சாதிதானே, கொஞ்சம் வெட்டி ஒட்டினால் சரி என்று நினைத்தேன்.

சிக்கல்கள்:

மூன்று பெட்டியும் லீமா, மூன்றும் ஒரே வகைப் பெட்டி, ஆனால் இரண்டு சின்னது, ஒன்று பெரியது. பெரியதை ஜிபி9க்குப் பின்னால் கொளுவினால், அப்பாவைக் கையில் பிடித்து இழுத்துப்போகும் சின்னப் பெடியன் போல எஞ்சின் தெரிகிறது. பெரியது போலிச் சாமானா?

ஜன்னல் அளவுக்கு பல்கனியிலிருந்து படம் எடுத்து, அதை வைத்து வரைந்து, ஒரு சின்னப் பெட்டியின் பக்கத்தையே வெட்டியும் விட்டேன். ஜன்னல்கள் எல்லாம் நசுங்கினமாதிரி வந்திருக்கின்றன. அதே பெட்டிக்கு மழை நாளில் ஸ்பிரே அடித்தேன். பெயின்ற் மேல் வெள்ளையாகப் புகை படிந்தாற்போல் நிற்கிறது.

திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, வழி சொல்லுங்கள்.


பழைய_வரைஞர் எழுதியது:

தம்பி, (என் வயதுக்கு இங்கே எல்லோரும் தம்பிதான்) போலி இல்லை. ஒரு அடிமட்டம் எடுத்து மூன்றையும் அளவுங்கள். நிஜ மார்க் 1 பெட்டி 64 அடி 6 அங்குலம். பிரிட்டிஷ் மொடல்களின் ஓஓ அளவில் ஓர் அடிக்கு 4 மி.மீ., ஆகவே 258 மி.மீ. வரவேண்டும். எச்ஓவில் ஓர் அடிக்கு 3.5 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட 226. லீமாக்காரர் எழுபதுகளில் பிரிட்டிஷ் பெட்டிகளை முதலில் எச்ஓவில் செய்து, பிறகு அந்த நாட்டுச் சந்தைக்கு ஏற்ப ஓஓவுக்கு மாறினார்கள். உங்கள் மைத்துனரின் பைக்குள் இரண்டு காலமும் கலந்து கிடக்கிறது. வேறொரு பரீட்சையும் உண்டு. பெட்டிக்குள் ஆள் பொம்மை இருந்தால் எடுத்து அளவுங்கள். ஐந்தடி ஆறங்குல மனிதர் எச்ஓவில் 19 மி.மீ. சொச்சம், ஓஓவில் 22.

அந்த ஐந்தடி ஆறங்குலம்தான் நம்முடைய பாதையின் அகலமும். 1676 மி.மீ. நீங்கள் வாங்கிய தண்டவாளம் எந்த அளவுக்கென்று விற்றாலும் 16.5 மி.மீ.தான். அதாவது ஓஓவில் வேலை செய்தால் பாதை ஐந்தரை மி.மீ. ஒடுக்கம், எச்ஓவில் மூன்றுக்கும் குறைவு. பிரிட்டிஷ் சாமான் லேசாகக் கிடைக்கிறது என்று நம் ஆட்கள் ஓஓவில் தொடங்கிவிட்டு, முன்னாலிருந்து பார்த்தால் வண்டி சைக்கிள் போல நிற்கிறது என்று அழுவதை நான் கனகாலமாகப் பார்க்கிறேன். இலங்கை ரயிலுக்கு எச்ஓ நல்லது. உங்கள் எஞ்சினும் எச்ஓ, இரண்டு பெட்டியும் எச்ஓ. பெரியதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மூன்றாவது பெட்டிக்கு இன்னொரு சின்னது தேடலாம்.

இனி ஜன்னல். மூன்றாம் மாடியிலிருந்து கீழே சரிவாகப் பார்த்து எடுத்த படத்தில் நீளம் அப்படியே இருக்கும், உயரம் சுருங்கும். ஜன்னல் நசுங்காமல் என்ன செய்யும்? பிளாட்போமுக்குப் போங்கள். ஸ்டேசன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பெட்டிக்கு நேரெதிரே, ஜன்னல் உயரத்தில் கமராவைப் பிடியுங்கள். ஒரே ஒரு ஜன்னலின் அகலத்தை மட்டும் நாடாவால் அளந்தால் போதும், மிச்சம் எல்லாவற்றையும் அந்தப் படத்திலிருந்தே எடுக்கலாம். நிஜத்தில் ஒரு மீற்றர் எச்ஓவில் 11.5 மி.மீ.

அகலம் எடுக்க நாடாவே வேண்டாம். ரயில் போனபின் கடைசிப் பெட்டியின் முதுகைத் தூரத்தில் நின்று, நடுவாக, ஸூம் பண்ணி எடுங்கள். பெட்டிக்குக் கீழே இரண்டு தண்டவாளமும் தெரியும். அவற்றின் இடைவெளி 1676 என்று உங்களுக்குத் தெரியும்தானே. அதுவே அடிமட்டம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ‘ருமேனியா பெட்டி’ என்று பொதுவாக ஒன்றைச் செய்யப் போகாதீர்கள். ஒரு பெட்டியின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு அந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஒன்றில் ஜன்னல் கண்ணாடி மாற்றியிருப்பார்கள், இன்னொன்றில் கதவுப் பக்கத் தகட்டை ஒட்டுப்போட்டிருப்பார்கள். பொதுவாகச் செய்தால் அவ்வளவும் சராசரியாகி, யாருக்கும் தெரியாத ஒரு பெட்டி வரும். கணக்கெழுதுபவருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

வெட்டும் முறை: லீமாவின் பக்கச் சுவர்களை முழுதாகக் கழற்றிவிடுங்கள், அந்த ஜன்னல் இடைவெளியில் நமக்கு உதவுவது எதுவும் இல்லை. கூரை, தளம், அடிச்சட்டம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சுவருக்கு அரை மி.மீ. பொலிஸ்டிரீன் தகடு. கிடைக்காவிட்டால் யோகட் கப்பின் அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 6 என்றிருந்தால் அது பொலிஸ்டிரீன், சின்னத் துண்டுகளுக்குப் போதும். ஜன்னலைக் கத்தியால் ஒரே மூச்சில் அறுக்க வேண்டாம். நாலு மூலையிலும் ஊசித் துளை போட்டு, கத்தியின் முதுகால் மெதுவாக ஏழெட்டுத் தரம் கீறினால் துண்டு தானாகவே விழும். மூலையில் துளை இருந்தால் கீறல் அதைத் தாண்டி ஓடாது. நம் பெட்டி மார்க் 1ஐ விட அகலம், ஆகவே தளத்தின் இரு ஓரத்திலும் ஒரு பட்டை ஒட்டிவிட்டு அதற்கு வெளியே சுவரை நிறுத்துங்கள். கூரையை நடுவில் நீளவாக்கில் பிளந்து ஒரு பட்டை வைத்து, புட்டி போட்டுத் தேய்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஒரு ஞாயிறு போய்விடும்.

அடியில் இருக்கும் பிரேக் உருளைகளைக் கழற்றி எறியாதீர்கள். மார்க் 1 வக்கியூம் பிரேக்கோடு கட்டிய பெட்டி, நம் பழைய பெட்டிகளும் வக்கியூம். பொகியின் (சக்கரங்களைத் தாங்கும் வண்டிச் சட்டம்) பக்கச் சட்டங்களை மட்டும் அறுத்து, இருபக்கமும் ஒன்றரை மி.மீ. வெளியே தள்ளி ஒட்டுங்கள். சக்கரம் 16.5இல் ஓடட்டும், பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அகலப் பாதை வண்டிதான் தெரியும்.

எஞ்சினை இப்போது தொடாதீர்கள். ஜிபி9க்குள் 16 சிலிண்டர், கனடா எஞ்சினுக்குள் 12. வெளிக்கூடும் அதற்கேற்றபடி கட்டை. 591க்கு ஒரு பொகியில் மூன்று அச்சு, நடு அச்சில் மோட்டர் இல்லை. ஜிபி9க்கு இரண்டே அச்சு. போதாததற்கு அமெரிக்க எஞ்சினுக்கு பஃபரே (முனையில் இடியைத் தாங்கும் வட்டத் தட்டு) கிடையாது. நம்முடையதில் இரண்டு பஃபரும் நடுவில் திருகுக் கொளுவியும். மூன்று பெட்டி முடித்துக் கை பழகிய பிறகு கத்தியை அங்கே கொண்டுபோங்கள்.


கொட்டாஞ்சேனை_3டி எழுதியது:

அண்ணா, இவ்வளவு வெட்டுக் கொத்து எதற்கு? அளவைத் தந்தால் பக்கச் சுவரை நான் ரெசினில் பிரின்ற் பண்ணித் தருகிறேன். ஜன்னல் சட்டம், கைபிடி இருக்கும் குமிழ் எல்லாம் சேர்ந்தே வரும். நீளச் சுவர் என் மெஷினுக்குள் ஒரே துண்டாக அடங்காது, இரண்டாக வரும், கதவோரத்தில் ஒட்டினால் கோடு தெரியாது. மெல்லிசாக அடித்தால் கொஞ்ச நாளில் வளையும். அதனால் உள்பக்கம் விலா எலும்பு மாதிரிக் கம்பி வைத்து வரைவேன்.


பழைய_வரைஞர் எழுதியது:

பிரின்ற் பண்ணுங்கள், நான் எதிரி இல்லை. ஆனால் அளவு பிழைத்தால் உங்கள் மெஷின் அந்தப் பிழையையும் வடிவாக அடித்துத் தரும். முதலில் நாடா.


பம்பலப்பிட்டி_தூரிகை எழுதியது:

பெயின்ற் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. அந்த வெள்ளைப் புகை ஈரம்தான். ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் கெதியாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும், காற்றில் இருக்கும் ஈரம் அதில் படியும். கொழும்பில், அதுவும் கடல் காற்றில், மழை நாளில் ஸ்பிரே அடிப்பது பாணை வெளியே வைத்துவிட்டு ஏன் பூஞ்சணம் பிடித்தது என்று கேட்பது போல. வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல் அடியுங்கள். கம்பிரஷர் வைத்திருந்தால் தண்ணீர் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் தொடவே வேண்டாம்.

அந்தப் பெயின்ற்றைக் கழற்ற ஹாட்வெயார் தின்னர் போடாதீர்கள், பெட்டியும் சேர்ந்து கரையும். டெட்டோலில், தண்ணீர் கலக்காமல், ஒரு இரவு ஊறவிட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். ஒரு எச்சரிக்கை: தேய்த்து முடியும்வரை தண்ணீர் படக்கூடாது. பட்டால் எல்லாம் பலாப்பழப் பால் மாதிரி ஒட்டிக்கொள்ளும். புது டெட்டோலில் ஒருமுறை அலசிய பிறகுதான் சோப்பும் தண்ணீரும். கையுறை போடுங்கள். நான் போடாமல் செய்து, இரண்டு நாள் சோறு சாப்பிடும்போதெல்லாம் ஆஸ்பத்திரி மணம்.

நிறத்துக்கு ஒரே செங்கபிலத்தை மூன்று பெட்டிக்கும் பூச வேண்டாம் ஐயா. கரையோரம் ஓடும் பெட்டி வெளிறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி வெள்ளையோ மஞ்சளோ கூடக்குறையக் கலந்து பூசுங்கள். பொகிக்குக் கறுப்பு வேண்டாம், பிரேக் தூள் படிந்த கபிலம்தான். அந்தத் தூள் சுவரின் கீழோரத்துக்கும் கொஞ்சம் ஏறும். கதவோரக் கைபிடிக் கம்பிக்கு வயர் துண்டொன்றைச் சீவி, உள்ளே இருக்கும் மெல்லிய செப்பு இழையை எடுங்கள். கிற்றார் கம்பி நேராக நிற்கும், ஆனால் வளைக்கக் குறடும் பொறுமையும் வேண்டும்.

தமிழ் எழுத்து எழுதும் எண்ணம் இருந்தால், பெட்டியில் வேண்டாம், ஸ்டேசன் பெயர்ப்பலகையில் முயன்று பாருங்கள். ஒரு மி.மீ. உயரத்தில் ‘வெள்ளவத்தை’ அடித்தால் ‘ள்ள’ இரண்டும் அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிடும். பலகையைக் கொஞ்சம் பெரிதாக்குவதை ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்.


கடற்கரைப்பாதை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அளந்தேன். 226, 226, 258. ஐயா, நீங்கள் என் வீட்டு அலமாரிக்குள் இருந்து எழுதியது போல இருக்கிறது.

ஞாயிறு காலை ஸ்டேசனுக்குப் போனேன். ஸ்டேசன் மாஸ்டரிடம் கேட்டபோது முதலில் அவருக்கு விளங்கவில்லை. போனில் இருந்த லீமாப் படத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டு, மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள், ரயில் நின்ற பிறகு அளவுங்கள் என்றார். ரயில் நிற்பதோ ஒரு நிமிடம். முதல் ரயிலில் நாடாவை விரிப்பதற்குள் போய்விட்டது. இரண்டாவதில் ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் நாடாவின் மற்றத் தலைப்பைப் பிடித்து ஜன்னல் சட்டத்தில் வைத்தார். மூன்றாவதில் வேறொரு பெட்டி, அங்கே ஒரு பள்ளிக்கூடப் பெடியன் பிடித்தான். இரண்டு தரமும் ஒரே எண். கொப்பியில் எழுதிக் கீழே கோடு போட்டேன், தொழில் பழக்கம்.

இரண்டாவது ரயிலில் அந்த அம்மா இருந்த பெட்டியைத்தான் செய்யப்போகிறேன். இலக்கம் குறித்திருக்கிறேன். கதவுக்குப் பக்கத்தில் ஒரு சதுரத் தகடு ஒட்டுப்போட்டிருக்கிறது, அதன் நிறம் மற்ற இடத்தை விடக் கொஞ்சம் கடும் சிவப்பு. கதவு திறந்தபடி. லீமாவில் கதவு மூடியபடிதான், ஆனால் சுவரைப் புதிதாகச் செய்வதால் அதையும் திறந்தே வைக்கலாம்.

கொட்டாஞ்சேனைத் தம்பி, முதல் பெட்டியைக் கையால் வெட்டிப் பார்க்கிறேன். இரண்டாவதுக்கு உங்களிடம் வருவேன், அளவோடு. டெட்டோல் ஊறிக்கொண்டிருக்கிறது, மனைவி யாருக்கு என்ன காயம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

258 மி.மீ. லீமா யாருக்காவது வேண்டுமா? காசு வேண்டாம், வெள்ளவத்தைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம். கூரையில் என் கத்திக் கீறல் ஒன்று இருக்கிறது, சொல்லிவிட்டேன்.