மைடி88 இழுத்தால் ஐராக்4 தெரியவில்லை, டிஎல்ஆர்4-உம் வரவில்லை

தகடூர்_லேப் (தருமபுரி):
பாக்டீரியா உறைப்பொருளான எல்பிஎஸ்ஸை டிஎல்ஆர்4 என்ற ஏற்பி உணர்ந்ததும் மைடி88, ஐராக்4 புரதங்கள் ஒன்றுசேர்கின்றனவா என்று பார்க்கிறேன். எலி மேக்ரோபேஜ் (நோய் எதிர்ப்புச் செல்), ரா 264.7 செல்கள். எல்பிஎஸ் 100 நானோகிராம்/மி.லி., 60 நிமிடம். ரிப்பா பஃபரில் உடைத்து, எலி ஆன்டிபாடியால் மைடி88-ஐ, அதோடு ஒட்டிய புரதங்களுடன் இழுத்தேன் (இம்யூனோபிரெசிபிடேஷன்). புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காணும் பிளாட்டுக்கும் எலி ஆன்டிபாடிதான். மைடி88 33 கிலோடால்டனில் தெளிவாக இருக்கிறது. ஐராக்4 இடத்தில் தடித்த கறை மட்டும். டிஎல்ஆர்4 சுத்தமாக இல்லை. எங்கே கோட்டை விட்டேன்?

ஓசூர்_செல்:
முதல் தவறு ரிப்பா. அதிலுள்ள எஸ்டிஎஸ், டீஆக்சிகோலேட் இரண்டும் புரதங்களைப் பிரித்துவிடும். 50 மில்லிமோலார் டிரிஸ் (பிஎச் 7.4), 150 மில்லிமோலார் உப்பு, 1% என்பி-40 போதும், புரோட்டியேஸ், பாஸ்பட்டேஸ் தடுப்பான்களை அன்றன்றைக்குச் சேருங்கள். இரண்டாவது, 60 நிமிடம் என்று ஒரே நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. மைடி88-ஐராக் கூட்டு சில நிமிடங்களிலேயே சேர்ந்துவிடும். 0, 5, 15, 30, 60 நிமிடங்கள் என்று எடுங்கள்.

கறை ஐராக்4 அல்ல, ஆன்டிபாடியின் கனச் சங்கிலி. அது 50 கிலோடால்டன், ஐராக்4 சுமார் 52. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். பிளாட்டுக்கு முயல் ஆன்டிபாடி வாங்குங்கள், அல்லது இழுக்கும் ஆன்டிபாடியை அதைத் தாங்கும் மணியோடு (பீட்) குறுக்கிணைத்துவிடுங்கள். லேசான சங்கிலியை மட்டும் பிடிக்கும் செகண்டரி ஆன்டிபாடியும் உதவும். ஆனால் டிராப் (TIRAP, டிஎல்ஆர்4-ஐ மைடி88-உடன் இணைக்கும் புரதம்) பார்க்கப் போனால் அதுவே வினை: இரண்டும் 25-ஐ ஒட்டியே.

பாலக்கோடு_பயோ:
டிஎல்ஆர்4 வராததற்கு ரிப்பாவை மட்டும் குறை சொல்ல முடியாது. ஏற்பி மைடி88-ஐ நேரே பிடிப்பதில்லை, சவ்வில் நடுவே டிராப் நிற்கிறது. பிடிப்பும் நிலையற்றது, ஏற்பியும் கொஞ்சமே. 2010-இல் வந்த படிக அமைப்பில் ஒரு கூட்டில் 6 மைடி88, 4 ஐராக்4, 4 ஐராக்2 இருந்தன, ஏற்பி இல்லை. ஆகவே ஐராக்4 இழுபட்டாலே கூட்டு உருவானதற்குச் சான்று. ஏற்பிக்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம்.

கிருஷ்ணகிரி_மேக்ரோ:
கன்ட்ரோல் பற்றி யாரும் பேசவில்லையே! ஐசோடைப் ஐஜிஜி (மைடி88-ஐக் குறிவைக்காத அதே வகை ஆன்டிபாடி) கட்டாயம். எலும்பு மஜ்ஜை மேக்ரோபேஜ் கிடைத்தால் சி3எச்/ஹெச்இஜே எலியுடையது எடுங்கள். அதன் டிஎல்ஆர்4-இல் 712-ஆவது புரோலின் ஹிஸ்டிடினாக மாறியிருப்பதால் எல்பிஎஸ் வேலை செய்யாது. அதிலும் ஐராக்4 வந்தால் உங்கள் எல்பிஎஸ் சுத்தமில்லை. கலந்திருக்கும் லிப்போபுரதம் டிஎல்ஆர்2 வழியாக அதே மைடி88-ஐக் கூப்பிடுகிறது. அல்ட்ராபியூர் வாங்குங்கள்.

தகடூர்_லேப்:
நன்றி சார். லைசேட் (உடைத்த செல் கரைசல்) எவ்வளவு போடலாம்?

ஓசூர்_செல்:
1 மில்லிகிராம் புரதம், 2 மைக்ரோகிராம் ஆன்டிபாடி, 4 டிகிரியில் இரவு முழுக்க. இன்புட்டுக்கு (இழுப்பதற்கு முந்தைய லைசேட்) 5% தனியே எடுத்து வையுங்கள். நம்ம ஊர் ஏப்ரல் வெயிலில் தட்டிலுள்ள ஐஸ் பாதி வேலையிலேயே தண்ணீராகிவிடும், சென்ட்ரிபியூஜை முன்கூட்டியே குளிர வைத்துவிட்டு செல்லைத் தொடுங்கள்.