பூனைக்கு வீட்லயே நகம் வெட்றவங்க இருக்கீங்களா? கால தொட்டாலே கடிக்குது

எங்க வீட்டு பூனைக்கு ஒன்றரை வயசு, நாட்டுப் பூனைதான், குட்டியா தெருவுல கெடந்தத தூக்கிட்டு வந்தோம். நாலாவது மாடி ஃப்ளாட், வெளிய விடறதே இல்ல. நகம் கண்டபடி வளந்து பெட்ஷீட்ல மாட்டிக்கிது, மடியில ஏறி மிதிச்சா சுடிதார்ல நூல் நூலா பிரிஞ்சு வருது. நேத்து தம்பி பிடரிய பிடிச்சான், நான் எங்க நகவெட்டிய எடுத்துட்டு போனேன், ஒரு நகம் கூட வெட்டல, அதுக்குள்ள அவன் கையில மூணு கோடு. இப்ப எங்கள பாத்தாலே கட்டிலுக்கு அடில போயிடுது. டாக்டர்கிட்ட இதுக்காக மாசாமாசம் போக முடியாதுங்க, ஆட்டோல அது கத்தற கத்துக்கு டிரைவர் ரெண்டு தடவ வண்டிய நிறுத்திட்டாரு. சதையில பட்டுடுமோன்னும் பயமா இருக்கு.

மூணுபூனைக்காரி:
மொதல்ல தம்பி கைய பாருங்கம்மா. சோப்பு போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும், வீட்டுப் பூனைதானேன்னு விடாம டாக்டர்கிட்ட காட்டி ரேபிஸ் ஊசி வேணுமான்னு கேட்டுடுங்க.

அடுத்து, பிடரிய பிடிக்கிறத விட்டுடுங்க, பெரிய பூனைக்கு அது பயத்ததான் கிளப்பும். ஒரு வாரம் நகவெட்டி பக்கமே போகாதீங்க. சாப்ட்டு தூக்கம் சொக்கும்போது பக்கத்துல உக்காந்து பாதத்த மட்டும் லேசா தொட்டுட்டு உடனே ஒரு துண்டு வேகவச்ச சிக்கன், உப்பு காரம் இல்லாம. அப்புறம் விரல மேலயும் கீழயும் மெதுவா அமுக்கினா நகம் தானா வெளிய வரும், அதுக்கும் சிக்கன். இதுக்கு பழகினப்புறம்தான் வெட்றது. வெளிச்சத்துல பாத்தா நகத்துக்குள்ள ரோஸ் கலர்ல தெரியும், ரத்தமும் நரம்பும் ஓடறது அங்கதான், அதுக்கு 2 மில்லிமீட்டர் முன்னாடியே, கொக்கி மாதிரி வளைஞ்ச நுனிய மட்டும் எடுங்க. கருப்பு நகமா இருந்தா உள்ள தெரியாது, இன்னும் கம்மியா எடுங்க. நம்ம நகவெட்டி நகத்த நசுக்கி பொளந்துடும், பெட் கடையில சின்ன கத்திரி மாதிரி விக்கும் பாருங்க, அது போதும்.

மொத்தம் 18 நகம், முன்னங்கால்ல அஞ்சு அஞ்சு, பின்னங்கால்ல நாலு நாலு. ஒரே நாள்ல முடிக்கணும்னு நினைச்சீங்க, கெட்டுது கதை. நான்லாம் ஒரு நாளைக்கு ரெண்டுதான்.

கட்டில்கடியில்:
துண்டுல சுத்தி ஒரு கால மட்டும் வெளிய எடுத்து வெட்டினா ஈசி ப்ரோ, எங்க வீட்ல அப்படித்தான்.

மூணுபூனைக்காரி:
சில பூனைக்கு ஓகே தம்பி, ஆனா இது ஏற்கனவே மிரண்டு போய் இருக்கே, இப்ப துண்ட எடுத்தா ஜென்மத்துக்கும் துண்டுன்னாலே ஓடும்.

பழையசோறு:
நான் ஒரு தடவ அவசரத்துல சதையோட வெட்டிட்டேன், ரத்தத்த பாத்து எனக்குதான் மயக்கமே வந்துச்சு. சோள மாவ (கார்ன்ஃப்ளார்) கொஞ்சம் நுனியில வச்சு ரெண்டு மூணு நிமிஷம் அழுத்தி பிடிச்சேன், நின்னுடுச்சு. நிக்கலன்னா டாக்டர்தான். டெட்டால் மட்டும் போட்றாதீங்க, அது பூனைக்கு விஷம், நக்கி உள்ள போயிடும். அப்புறம் ஒரு கட்டைல தேங்கா நார் கயிற இறுக்கமா சுத்தி ஜன்னல் ஓரமா நிக்க வைங்க, அதுல பிராண்டி நகத்து மேல இருக்கற பழைய தோட உரிச்சிக்கும். தரையில வெள்ளையா நகம் மாதிரி ஒண்ணு கெடந்தா பயப்படாதீங்க, அது அந்த தோடுதான். கயிறு கட்டினா வெட்டவே வேணாம்னு இல்ல, ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா பாக்கணும். எங்க தெருவுல சுத்தற பூனைக்கு நான் தொடவே மாட்டேன், நாய் துரத்தினா மரம் ஏற அதுக்கு நகம் வேணும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப தேங்க்ஸ்க்கா. தம்பிக்கு அன்னிக்கே ஊசி போட்டாச்சு. முன்னங்கால்ல உள் பக்கம் மேல தள்ளி அஞ்சாவதா ஒரு நகம் இருக்குன்னே எனக்கு தெரியாது, தூங்கும்போது பாத்தேன், அதுதான் வட்டமா வளைஞ்சு சதைய தொடப் போகுது! பத்து நாள் சிக்கன் கொடுத்து நேத்து அது ரெண்டயும் எடுத்துட்டேன். பாக்கி 16. இப்ப பிரச்சனை என்னன்னா நான் கத்திரிய எடுத்தாலே சிக்கனுக்கு வந்து உக்காந்துக்குது, தம்பி வந்தா மட்டும் இன்னும் கட்டிலுக்கு அடிலதான்.